பம்பாய் ரத்தம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். அத்தனை பேரில் பாதுகாக்கப்பட வேண்டிய அபூர்வ ரத்தக்காரர் ஒருவர் இருக்கலாம்.

ஓ நெகட்டிவ் ரத்தம் எல்லோருக்கும் சேரும் என்று நம்புகிறோம். 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்த அபூர்வப் பிரிவினருக்கு அதுவும் சேராது! ஓ பிரிவினரின் சிவப்பணுக்களில் நிறைந்திருக்கும் 'எச்' என்ற பொருள் இவர்களிடம் இல்லை. ஆகவே ஓ ரத்தத்தை உடல் எதிரியாக நினைத்துச் சிதைத்துவிடும். உயிருக்கே ஆபத்து.

இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர் இந்த 'பம்பாய்' பிரிவு. மேலோட்டமான சோதனையில் ஓ என்றே தெரியும். அதுதான் பெரிய கவலை. பம்பாய் பிரிவினரின் ரத்தம் மட்டுமே இவர்களுக்குப் பொருந்தும்.

நீங்கள் இந்தப் பிரிவு என்று தெரிந்தால், உடன்பிறந்தவர்களையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரத்த வங்கியில் பெயரைப் பதிந்து வையுங்கள்.