பதக்கம் ஊருக்கு, பழி ஒருவருக்கா?

 

கல்லூரி விளையாட்டில் அறம் என்ற தலைப்பில் பேசச் சொன்னீர்கள். நான் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். ஒரு மாணவி இன்டர் யுனிவர்சிட்டியில் ஜெயித்து வந்தால் வாசலில் பிளெக்ஸ் வைக்கிறோம். தாளாளர் படம், முதல்வர் படம், பயிற்சியாளர் படம், எல்லாம் அதில் இருக்கும். நல்லது, வைக்க வேண்டியதுதான். அதே மாணவி நாளைக்கு விழுந்தால், அந்தப் பிளெக்ஸில் இருந்தவர்களில் யார் அவள் பக்கத்தில் நிற்கப்போகிறார்கள்? இதுதான் என் கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் பாடுபட்ட பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். ஓட்டம்தான் அவருக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டது. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த சில நாளில், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஊசி போட்டுக்கொண்டு ஓடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. தான் பிறந்த உடம்போடு ஓடினார். டாக்டருக்கும் அவருக்கும் மட்டும் தெரிய வேண்டிய விவரத்தை உலகமே டீக்கடையில் உட்கார்ந்து பேசியது.

அன்றைய முதல்வர் கலைஞர் 15 லட்சம் ரூபாய் பரிசு வழங்கினார். அதை வைத்து அந்தப் பெண் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். ஆனால் 2012-ல் அவர் மறுபடியும் செங்கல் சூளையில் கூலி வேலை பார்ப்பதாகச் செய்தி வந்தது. நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தபோது ஆண்டு 2016. பதக்கம் வாங்கி முழுதாகப் பத்து ஆண்டு!

2014-ல் ஒடிசாவின் டூட்டி சந்துக்கும் இதே சோதனை வந்தது. ஆனால் அவரோடு வழக்கறிஞர்கள் நின்றார்கள், இந்திய விளையாட்டு ஆணையம் நின்றது. 2015-ல் விளையாட்டுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது, டூட்டி மறுபடியும் ஓடினார். ஒருவருக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை. அந்த வேறுபாடு ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பத்து ஆண்டுகளைத் தின்றுவிட்டது.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விதி சரியா தவறா என்று அறிஞர்கள் வாதாடட்டும். அந்தச் சோதனைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்ணுக்கு அது என்ன சோதனை என்று முன்கூட்டியே தமிழில் யார் எடுத்துச் சொல்வது? முடிவு வேறாக வந்தால் அவள் பெயரை ஊர்வாயிலிருந்து யார் காப்பது?

அடுத்தது ஊக்கமருந்து. திருச்சிப் பக்கம் முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்து 2019-ல் தோஹாவிலேயே ஆசியச் சாம்பியன்ஷிப் 800 மீட்டரில் தங்கம் வென்றார். சோதனையில் நான்ட்ரோலோன் என்ற மருந்து தெரிந்தது. தங்கம் போயிற்று, நான்கு ஆண்டு தடை வந்தது. தடை செய்த மருந்து எதையும் வாழ்நாளில் தொட்டதில்லை என்று அவர் சொன்னார். சட்டமோ, உன் உடம்பில் இருப்பதற்கு நீயே பொறுப்பு என்றது.

அந்தச் சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. மருந்து போட்டு ஓடுவது பக்கத்து லேனில் நேர்மையாக ஓடுகிறவரிடம் திருடுவதுதான். ஆனால் நம் தூத்துக்குடி தருவை மைதானத்தில் காலை ஆறு மணிக்கு நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். லேபிள் கிழிந்த ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே வெள்ளைப் பவுடர். சீனியர் அண்ணன் ஒரு கரண்டி எடுத்து ஜூனியர் தம்பியின் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் கொடுக்கிறார். அந்தத் தம்பி திரேஸ்புரத்துப் பையன், அப்பா கடலுக்குப் போகிறவர். ‘என்னண்ணே இது?’ என்று அவன் கேட்கவில்லை. அந்த டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லையே என்பதுதான் என் கவலை.

2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 மாதிரிகளில் தடை மருந்து தெரிந்தது என்கிறது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை. அதே ஆண்டு டெல்லி மாநிலப் போட்டியில், சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மாட்டுகிறவன் பையன். டப்பாவை விற்றவர் யார், வாங்கச் சொன்னவர் யார்?

மூன்றாவது, பாதுகாப்பு. 2021-ல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானார். பல ஆண்டு வாய்மூடி இருந்த பெண்கள் அதன் பிறகுதான் பேசினார்கள். வெளியூர்ப் போட்டிக்கு ரயிலில் போகும்போது நடப்பது கல்லூரிக்கு வெளியே நடப்பதல்லவா என்று தட்டிக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2015 பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறை விளையாட்டுப் போட்டி நடக்கும் இடத்தையும் கல்லூரி ஏற்பாடு செய்யும் வண்டியையும் வளாகத்தின் பகுதியாகவே சேர்த்திருக்கிறது. தங்கைகளே, இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புகார்க் குழுவின் கை அங்கேயும் நீளும்.

நான்காவது, சாதி. நம் மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி வந்த ‘பைசன்’ படத்தைப் பார்த்துக் கண் கலங்கினோம். கலங்கிய கையோடு நம் கல்லூரி அணித் தேர்வையும் பார்ப்போம். மணிக்கட்டில் கட்டிய சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்து ரெய்டுக்கு ஆள் அனுப்பும் அணி ஜெயித்தாலும் தோற்ற அணிதான்.

பெரியோர்களே, இந்தக் கடற்கரைக்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1961-ல் கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. கல்லின் மேல் காலை ஊன்றிக் கடலுக்குள் இறங்குகிறவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்து நிற்பவர் கையில் இருக்கும். கயிறு ஆடினால் அந்த நொடியே இழுக்க வேண்டும். நம்பிக்கையான ஆள் இல்லாமல் எவரும் இறங்கமாட்டார்கள். கல்லூரி என்பது கயிறு பிடிக்கும் ஆள். சிப்பியில் மட்டும் கண் வைத்துக் கயிற்றை நழுவவிட்டால் அது துரோகம்.

ஆகவே நான்கு கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கொடுத்தால் பட்டம் முடியும்வரை கொடுங்கள். முட்டி ஜவ்வு கிழிந்த கபடித் தம்பியின் ஹாஸ்டல் அறையைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தோடு கடமை முடிந்துவிடாது, தவறிய பாடத்தை நடத்தி அரியரை முடிக்க உதவுங்கள். வேறு கல்லூரிக்குப் போய்விடுவான் என்று ஒரிஜினல் சான்றிதழைப் பூட்டி வைப்பது யுஜிசி தடை செய்த காரியம்.

இரண்டு, உணவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்றது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஓடச் சொல்வதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். பவுடர் டப்பாவுக்குப் பதில் முட்டையும் மீனும் கடலையும் கொடுங்கள்.

மூன்று, சீசன் தொடங்கும்போது ஊக்கமருந்து, பாலினச் சோதனை இரண்டைப் பற்றியும் தமிழில் ஒரு நாள் வகுப்பு நடத்துங்கள், பெற்றோரையும் கூப்பிடுங்கள். நான்கு, மாணவிகள் அணி எங்கே போனாலும் ஒரு பெண் பொறுப்பாளர் கூடப் போகட்டும்.

பெரிய அமெரிக்காவிலேயே, கல்லூரி விளையாட்டில் கோடி கோடியாகப் பணம் புரண்டும் ஆடுகிற மாணவருக்கு நேரடியாகப் பங்கு கொடுக்க 2025 வரை ஆயிற்று, அதுவும் நீதிமன்றம் வரை போய்த்தான் கிடைத்தது. நாம் பணம் கேட்கவில்லை, பொறுப்பைக் கேட்கிறோம். கேட்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் துணையோடு கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வாங்கிய ஊர் இது.

பெற்றோர்களே, சேர்க்கைக்குப் போகும்போது இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். தம்பி, தங்கைகளே, நீங்களும் அணியாகச் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் திமிர் என்பார்கள், சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். வெற்றியில் பங்கு கேட்கிற ஒவ்வொருவரும் தோல்வியிலும் பங்கு ஏற்கும்வரை கேட்போம்.