எழுந்து நின்றால் மயக்கமா? காரணம் கண்டறிந்த நிபுணர்கள்



"உட்கார்ந்திருந்தா நல்லாத்தான் இருக்கா. எழுந்து ஒரு வேலை செய்யச் சொன்னா தலை சுத்துது, கண்ணு இருட்டுதுங்கிறா. எல்லாம் சோம்பல்தான்!" இப்படிப்பட்ட பேச்சு பல வீடுகளில் கேட்கிறது. சில வீடுகளில் காத்து கருப்பு என்று வேப்பிலையும் அடிக்கிறார்கள். சோம்பலும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது என்று அளந்து காட்டிய நிபுணர்களைப் பற்றி இன்று தெரிந்து கொள்வோம்.

கையும் காலும் நாம் நினைத்தால் அசையும். ஆனால் இதயம் துடிப்பதும், சோறு செரிப்பதும், வியர்ப்பதும் நாம் நினைக்காமலே நடக்கின்றன. தூங்கும்போதும் நடக்கின்றன. இவற்றை நடத்தி வைப்பது தானியங்கி நரம்பு மண்டலம்.

நாம் எழுந்து நின்றவுடன் சுமார் அரை லிட்டர் இரத்தம் வயிற்றுப் பக்கமும் கால்களுக்கும் இறங்குகிறது. தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவது போலத்தான். உடனே இந்த நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நாடித் துடிப்பைச் சற்றுக் கூட்டி, மூளைக்குப் போகும் இரத்தம் குறையாமல் பார்த்துக் கொள்கின்றன. இந்த வேலை தவறினால் கண் இருட்டும், கிறுகிறுக்கும், ஆளே விழுந்து விடலாம். அடுப்படியிலோ கிணற்றடியிலோ விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்றே 1978-ம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் ஒரு தம்பதியர். கணவர் டாக்டர் டேவிட் ராபர்ட்சன். மனைவி டாக்டர் ரோஸ் மேரி ராபர்ட்சன். அந்த அம்மாள் இதய நோய் நிபுணர். பின்னாளில் அமெரிக்க இதயச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர்.

இது ஒரே வகை டாக்டரால் ஆகிற காரியம் அல்ல. பெரு நாட்டிலிருந்து டாக்டர் இத்தாலோ பியாஜியோனி, ஜெர்மனியிலிருந்து டாக்டர் யென்ஸ் யோர்டான், கனடாவிலிருந்து டாக்டர் சதீஷ் ராஜ் ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். நாடியும் பிரஷரும் பார்க்கும் செவிலியர்கள், இரத்தத்தில் உள்ள இரசாயனங்களை அளக்கும் ஆய்வுக்கூடத்தார், மரபணுவை ஆராய்பவர்கள் என்று பலரும் கூடி உழைத்தார்கள்.

அவர்கள் கண்டறிந்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: நிற்கும்போது இரத்தக் குழாயைச் சுருங்கச் சொல்லும் இரசாயனத்துக்கு நார்அட்ரினலின் என்று பெயர். சிலருக்குப் பிறவியிலேயே இது உடம்பில் உற்பத்தி ஆவதில்லை என்று 1986-ல் ராபர்ட்சன் குழுவினர் எழுதினார்கள். இது மிக அரிய நோய். உடம்புக்குள் போய் நார்அட்ரினலினாக மாறும் மருந்தைக் கொடுத்ததும் இத்தகையோரால் நிற்க முடிந்தது.

இரண்டு: நின்றால் நாடி படபடவென்று ஓடும் ஒரு பெண்ணின் குடும்பத்தை ஆராய்ந்தார்கள். நார்அட்ரினலினைத் திரும்ப நரம்புக்குள் எடுத்துக் கொள்ளும் புரதத்தின் மரபணுவில் கோளாறு இருந்தது. 2000-ல் இது வெளியாயிற்று. மனப்பிரமை என்று பிறர் தள்ளிவிடக் கூடிய தொல்லைக்கு உடம்பில் ஆதாரம் கிடைத்தது.

மூன்று: அதே 2000-ம் ஆண்டில் வெறும் தண்ணீரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தது. இந்த நரம்புகள் பழுதானவர்கள் 480 மில்லி தண்ணீரை, அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, விரைவாகக் குடித்தால் பிரஷரின் மேல் எண் சராசரியாக 30-க்கு மேல் ஏறியது. ஐந்து நிமிடத்தில் ஏறத் தொடங்கி, அரை மணியில் உச்சம் தொட்டது. நல்ல உடல்நலமுள்ள இளவயதினருக்கு இப்படி ஏறவில்லை.

"இதெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். அந்த நிபுணர்கள் முதலில் செய்த சோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக் கூடியதுதான். நோயாளியைச் சிறிது நேரம் படுக்க வைத்துப் பிரஷரும் நாடியும் பார்க்க வேண்டும். பிறகு நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது கோளாறு. பிரஷர் இறங்காமல், பத்து நிமிடத்துக்குள் நாடி மட்டும் 30 துடிப்புக்கு மேல் கூடினால், அதையும் டாக்டர் கவனிக்க வேண்டும். இந்த இரண்டாம் வகை இளவயதுப் பெண்களிடம்தான் அதிகம். உட்கார வைத்து ஒரு தடவை மட்டும் பார்த்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம். ஆகவே, "நின்னா மயக்கம் வருதுங்க, நிக்க வச்சும் பாருங்க" என்று கேளுங்கள்.

ஆனால் எல்லா மயக்கமும் நரம்புக் கோளாறு அல்ல. இரத்தசோகை, வயிற்றுப்போக்கு, வெயிலில் நீர் வற்றுதல், பிரஷர் மாத்திரை, நீரிழிவு, கர்ப்பம் ஆகியவற்றாலும் வரும். முதலில் இவற்றைத்தான் பார்ப்பார்கள். மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கு வயிற்று வலியுடன் மயக்கம் வந்தால், கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

படுக்கையிலிருந்து சட்டென எழ வேண்டாம். சற்று உட்கார்ந்து, கால்களை ஆட்டிவிட்டு எழுங்கள்.

கண் இருட்டினால் வெட்கப்படாமல் அங்கேயே உட்காருங்கள், அல்லது படுத்துக் காலை உயர்த்திக் கொள்ளுங்கள்.

தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவே குடிக்க வேண்டும்.

உப்பைக் கூட்டுவதும், பிரஷர் மாத்திரையை நிறுத்துவதும் டாக்டர் சொன்னால் மட்டுமே.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நிபுணர்களிடம் பெரிய பெரிய கருவிகள் இருந்தன. ஆனாலும் அவர்கள் முதலில் செய்தது, நோயாளி சொன்னதை நம்பியதுதான். அதற்குக் கருவி வேண்டாம், காசும் வேண்டாம். உங்கள் மனைவி "நிக்க முடியலீங்க" என்றால் சோம்பேறி என்று ஏசாதீர்கள். குடத்தை நீங்கள் வாங்கிக் கொள்ளுங்கள். அவரை உட்கார வையுங்கள். மறுநாளே சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். கணவருக்கு இப்படி வந்தால் மனைவியும் அவ்வாறே செய்ய வேண்டும்.