சிவப்பு விளக்கு எரியும்போது லேட்

போன வருஷம் அப்பாவோட பழைய கார் இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு. ஆயில் லைட் எரிஞ்சதுமே ஓரம் கட்டினார். அதுக்குள்ள பேரிங் போச்சு. பல வண்டிகளில் பிரஷர் 5 பி.எஸ்.ஐ. பக்கம் இறங்கினாத்தான் அந்த லைட் எரியும். சர்வர் விழுந்தப்புறம் வர்ற அலர்ட் மாதிரி!

இன்ஜின் வேலை முடிஞ்ச கையோட ரெண்டு மீட்டர் மாட்டினோம். ஆயில் சுவிட்ச் இடத்தில் டீ-பீஸ் போட்டா பழைய லைட்டும் வேலை செய்யும். டெஃப்லான் டேப்பை அதிகமா சுத்தாதீங்க. ஒத்தை வயர் சென்சாருக்கு எர்த்தே திரெட் வழியாத்தான். டெம்பரேச்சர் சென்சாரை ரேடியேட்டர் ஹோஸ் நடுவில் அடாப்டர் போட்டு வெச்சா, அடாப்டருக்குத் தனி எர்த் வயர் வேணும். ரப்பரில் கரண்ட் பாயாதே!

ஒண்ணு மறக்காதீங்க: கூலன்ட் மொத்தமும் கொட்டிட்டா, முள் இறங்கி ஏமாத்தலாம்.

இப்போ சாவி போட்டதும் அப்பா முதல்ல பார்க்கிறது அந்த முள்ளைத்தான்.