விசாரணை இல்லாமல் ஒரு பிள்ளையை நிறுத்தலாமா?



ஒரு தொழிலாளியை விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் நாம் சும்மா இருப்போமா? குற்றப்பத்திரம் எங்கே என்று கேட்போம். அதே தோட்டத்துப் பதினைந்து வயதுப் பையன் வகுப்பில் கதிரையைத் தூக்கி அடித்தான் என்று விடுகைப் பத்திரம் கொடுத்தால் மட்டும், "அடங்காத பிள்ளைதானே" என்று வாங்கிக்கொண்டு லயத்துக்கு வந்துவிடுகிறோம்.

அவன் செய்ததைச் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. அடி வாங்கிய பிள்ளைக்கும் தாய் இருக்கிறாள். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பயம் உண்டு. சில நாட்கள் அவனை அந்த வகுப்பில் விடாமல் வேறோர் ஆசிரியரின் பொறுப்பில் வைக்கத்தான் வேண்டும். அதற்காகப் பெயரையே வெட்டிவிடுவதா? 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வெட்டுப்பட்ட பையன் எங்கே போவான் என்பது நமக்குத் தெரியும்: கொழும்பில் ஒரு கடை, அதன் பின்னால் படுக்கை.

"நாலு அடி போட்டுத் திருத்துங்கள் சேர்" என்று பெற்றோரே சொல்வதுண்டு. சுற்றுநிருபம் அதைத் தடுக்கிறது. சுற்றுநிருபம் கிடக்கட்டும், வீட்டில் தினமும் அடி வாங்குகிறவனுக்குப் பிரம்பு புதிதா?

ஏன் செய்தான் என்று முதலில் பார்க்க வேண்டும். அம்மா மத்திய கிழக்கில் இருக்கலாம். ஒரே காம்பராவில் ஏழு பேர் படுத்து, இரவெல்லாம் சண்டை கேட்டுத் தூங்காமல் வந்திருக்கலாம். எழுத்துக் கூட்டத் தெரியாமலே ஒன்பதாம் தரத்துக்கு வந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். வாசிக்கச் சொன்னால் மேசையைத் தள்ளுவார்கள். நாலு பேர் சிரிப்பதைவிட அதிபரிடம் ஏச்சு வாங்குவது அவர்களுக்குச் சுலபம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேண்டியது தண்டனை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்.

இதையெல்லாம் பேசத் தாயைக் காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறார்கள். வந்தால் அன்றைய பேர் போச்சு. வராவிட்டால் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வசனத்தை எழுதுகிறவர் ஒருநாள் கொழுந்துக் கூடையைத் தூக்கிப் பார்க்கட்டும்! பாடசாலை அழைத்தால் பேர் வெட்டாமல் விட வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்போம். மாலைக் கொழுந்து நிறுத்த பிறகு சந்திக்கலாம் என்று அதிபரிடம் கேட்போம். தமிழில் பேசக்கூடிய ஆலோசனை ஆசிரியரை, வேறு பாடச்சுமை ஏற்றாமல் தரும்படி வலயக் கல்விக் காரியாலயத்திடம் கேட்போம்.

வீட்டில் பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் 1929க்கு அழையுங்கள். விடுகைப் பத்திரத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் உடனே போடாதீர்கள். தோட்டத் தலைவரையோ மாதர் தலைவியையோ கூட்டிக்கொண்டு போய், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.