"வேண்டாம்" என்றது கினி

விடுதலை என்றதும் நம் கண்முன் விரியும் காட்சி யாது? அந்நியக் கொடி இறங்குகிறது, புதுக்கொடி ஏறுகிறது, கரவொலி விண்ணை முட்டுகிறது! நாடகம் எழுதுகிறவன் நான். அந்த இடத்தில் திரையை இறக்கிவிட்டால் மக்கள் மனம் மகிழ்ந்து வீடு திரும்புவர் என்பதை அறிவேன். வரலாறோ அங்கே திரையை இறக்குவதில்லை!

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி என்றொரு நாடு. பிரெஞ்சு ஆதிக்கத்தில் அழுந்திக் கிடந்த நாடு. 1958-இல் பிரான்சின் ஆட்சித் தலைவர் டிகால் தம் காலனிகளின் முன் ஒரு வினாவை வைத்தார். புதிய அரசமைப்பை ஏற்றால் பிரெஞ்சுக் கூட்டமைப்பில் இடமுண்டு. மறுத்தால் உடனே விடுதலை, ஆனால் உதவி இல்லை! வாக்குச்சீட்டை நீட்டிய கையே வயிற்றில் அடிக்கவும் ஓங்கி நின்றது.

ஆகஸ்ட் 25-இல் கினியின் தலைநகர் கோனாக்ரிக்கு வந்தார் டிகால். அவரை வைத்துக்கொண்டே முழங்கினார் செகூ தூரே: அடிமைத்தனத்தில் கிடைக்கும் செல்வத்தைவிட, விடுதலையில் வரும் வறுமையே மேல் என்று! அந்தத் துணிவு மேடையில் திடீரென முளைத்ததன்று. 1953-இல் வேலை நேரம் வாரத்துக்கு 48 மணியிலிருந்து 40 ஆகக் குறைந்தபோது, வருவாய் குறையாதிருக்க மணிக்கூலியை 20 விழுக்காடு உயர்த்தக் கேட்டனர் தொழிலாளர். இரண்டு திங்களுக்கு மேல் வேலைநிறுத்தம்! பெண்கள் உணவு திரட்டி ஊட்டினர், தூரே தலைமை தாங்கினார், வென்றனர்.

செப்டம்பர் 28-இல் வாக்கெடுப்பு. "வேண்டாம்" என்றோர் 11 இலட்சத்து 36 ஆயிரம் பேர்! "வேண்டும்" என்றோர் 57 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுக் காலனிகளில் மறுத்துரைத்தது கினி ஒன்றே. அக்டோபர் 2-இல் விடுதலை பிறந்தது.

வெளியேறிய அதிகாரிகள் வெறுங்கையோடா சென்றனர்? கோப்புகள் மறைந்தன; தொலைபேசிகள் பிடுங்கப்பட்டன! கானாவின் நிக்ருமா 1 கோடி பவுன் கடன் தர முன்வந்தார். 1960 மார்ச்சில் கினி தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. பிரெஞ்சு உளவுத்துறை கள்ள நோட்டுகளை அச்சிட்டு உள்ளே கொட்டியது! ஏன் இத்தனைச் சினம்? 1960-இல் விடுதலை பெற்ற செனகலையும் ஐவரி கோஸ்ட்டையும் பாருங்கள். பிரான்சோடு பிணைந்த பிராங்க் நாணயம் அங்கே நீடித்தது. அந்நியச் செலாவணி இருப்பில் பாதியையோ அதற்கு மேலோ பல்லாண்டுகள் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்க வேண்டியிருந்தது. கொடி தங்களுடையது, பெட்டிச்சாவி பாரிசில்! கினி அந்தச் சாவியைக் கேட்டது. அதுவே அதன் குற்றம்.

இத்தோடு முடித்தால் கைதட்டுவீர்கள். ஆனால் தொண்டர்கள் கேட்டாக வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. டிகாலின் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்ற தூரே, தம் நாட்டில் தமக்கு எவரும் அச்சொல்லைச் சொல்ல விடவில்லை! ஒரே கட்சி, ஒரே தலைவர்; 1984-இல் சாகும் வரை 26 ஆண்டு ஆட்சி. சதி, சதி என்ற கூச்சல் ஓயவேயில்லை. சதிகள் சில மெய்யே. 1970-இல் போர்ச்சுகல் படையினர் கோனாக்ரியில் வந்திறங்கியது உண்மை. அதைக் காட்டியே அமைச்சர்களும் ஆசிரியர்களும் போய்ரோ முகாமில் அடைக்கப்பட்டனர்.

தியாலோ டெல்லி! விடுதலை பெற்ற கினிக்கு 1958 டிசம்பரில் ஐ.நா. அவையில் இடம் பெற்றுத் தந்தவர். பின்னர் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளர். 1977-இல் அவர் உணவும் நீரும் மறுக்கப்பட்டு மாண்டார். எங்கே? பிரெஞ்சுச் சிறையிலா? கோனாக்ரி நகருக்குள்ளேயே இருந்த அந்தப் போய்ரோ முகாமில், தோழர்களே!