பகட்டுக்கு நாகரிகம் என்று பெயரா?

(புதுவையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சென்ற கிழமை வகுப்பில், "பேசன் என்பதற்குத் தமிழ் என்ன?" என்று வினவினேன். தலைமுடியைச் சேவற்கொண்டை போல் நிறுத்தியிருந்த மாணவனொருவன் எழுந்து, "நாகரிகம், ஐயா!" என்றான். நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. வீட்டிலும் தெருவிலும் அவன் கேட்டறிந்த பொருள் அதுதானே! ஆயினும் நெஞ்சு நொந்தது. வள்ளுவப் பெருந்தகை 'கண்ணோட்டம்' என்னும் பகுதியில் அச்சொல்லை எங்கு வைத்தார்? நெருங்கிப் பழகியவர் நஞ்சையே ஊற்றித் தந்தாலும் மறுக்க மாட்டாத உள்ளத்தின் உயரத்தில் வைத்தார். பாவாணர் அதனை 'நகர்' என்பதன் வழிப் பிறந்த தமிழ்ச்சொல் என்று விளக்கினார். நாமோ அதனை முடிதிருத்தகத்திற்கு இறக்கிவிட்டோம்!

வேறு சொல் இல்லாமையாலா இவ்விழிவு? உள்ளதற்கு மேல் காட்டுவது பகட்டு. மேற்பூச்சாய் ஒளிர்வது மினுக்கு. நடையிலும் நிற்பிலும் தோன்றுவது ஒய்யாரம். இச்சொற்கள் பொருளைச் சுட்டுவதோடு நில்லாமல் அதனை எடைபோட்டும் காட்டுவன. 'பேசன்' என்றவுடன் அவ்வெடைக்கல் காணாமற் போகிறது. பகட்டுக்குப் பெருமை வந்துவிடுகிறது.

அந்த ஆங்கிலச் சொல்லும் ஆங்கிலேயனுக்கே உரியதன்று. 1954 வரை நம்மூரை ஆண்ட பிரெஞ்சியரின் 'பசோன்' என்பதன் வழியாக அவன் பெற்றது. செய்யும் முறை என்பதே அதன் பொருள். நம்மிடம் 'பாங்கு' இருக்கிறதே! சில நாள் நின்று மறைவதைப் 'புதுப்பாங்கு' என்றால் யாருக்கு விளங்காது? 1985-இல் 'பூவே பூச்சூடவா' திரைப்படம் வந்தபின் நதியா வளையல், நதியா கம்மல் என்று கடைதோறும் தொங்கினவே, அவை புதுப்பாங்கு. இன்று அப்பெயர் சொல்லி வளையல் கேட்பார் யார்?

இனி, உண்ணும் இடத்திற்கு வருவோம். எதைப் படைத்தாலும் உப்பு மிகை, புளி குறைவு என்பவனை நம் பாட்டிமார் 'நொறுநாட்டியம்' பண்ணுகிறான் என்பர். நொறுங்கிய சிறு குறையைப் பிடித்துக்கொண்டு ஆடும் ஆட்டம் என்று நான் பொருள் கொள்வேன். இன்று அவனையே 'டேசுட்டு' தெரிந்தவன் என மெச்சுகிறோம்!

ஆனால், தேர்ந்து கொள்வோரெல்லாம் நொறுநாட்டியக்காரர் அல்லர். 19ஆம் நூற்றாண்டில் நம் புதுவையிலிருந்து அவுரிச் சாயந்தோய்த்த நீலத்துணி, மேலை ஆப்பிரிக்காவின் செனகாலுக்குக் கப்பலேறியது. அங்குப் பிசின் வணிகத்தில் அது பணமாகவே வழங்கியது. அம்மக்கள் அதனைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தே வாங்கினர். ஐரோப்பிய ஆலைகளின் போலிகளை ஒதுக்கினர். அது நொறுநாட்டியமா? இல்லை, தேர்ச்சி! நம் நெசவாளர், சாயக்காரர் கைத்திறத்தை அறிந்த தேர்ச்சி. அத்துணிக்கு உலகம் அறிந்த பெயரோ 'கினே'. கை நம்முடையது, பெயர் பிரெஞ்சியர் இட்டது!

இவற்றையெல்லாம் மறுநாள் வகுப்பில் விளக்கினேன். அதே மாணவன் எழுந்தான். "ஐயா, என் தலை புதுப்பாங்கா, பகட்டா?" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். இரண்டு தமிழ்ச்சொற்களை வேறுபடுத்திக் கேட்டானே என்ற மகிழ்ச்சியில், விடை கூறாமலே அவனை அமரச் சொன்னேன்.