கரப்பானை ஒழிக்க ஒரு வீடு போதாது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் தவணை, உள்கடன் எல்லாம் பேசி முடிச்சு எழுந்திருக்கும்போது ஒரு அக்கா தயங்கிக் கேட்டாங்க: "வீட்டுல கரப்பான் தாங்கல, பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் இழுப்பு. ஏதாவது வழி இருக்குதா?" எங்களில் சிலர் சிரிச்சுட்டோம். சிரிச்சிருக்கக் கூடாது. கரப்பானின் எச்சம், உதிர்ந்த தோல் எல்லாம் பொடியாகி மூச்சில் போனால் இழுப்பு அதிகமாகும். 1997ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கரப்பான் ஒவ்வாமை இருந்து, படுக்கிற அறையிலும் அந்தத் தூசு அதிகமாக இருந்த ஆஸ்துமா பிள்ளைகள், மற்ற பிள்ளைகளைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டது தெரிந்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் நம்மில் பலருக்கு வீடேதான் வேலை செய்யுற இடம். ஏஜெண்ட் கொண்டுவந்து போடுற அப்பர் மூட்டை, அட்டைப்பெட்டி, பசை டப்பா எல்லாம் சமைக்கிற அறையிலேயே கிடக்கும். பாத்திரம் கழுவி, வீடு பெருக்கியும் கரப்பான் குறையலேன்னா காரணம் அந்தப் பெட்டியாகவும் இருக்கலாம். அட்டையின் மடிப்புக்குள்ளே ஒளிஞ்சு வரும். மாவுப் பசை, காகிதம், தோல் எதையும் கரம்பும். எச்சக் கறை பட்ட ஜோடியைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா நஷ்டம் தைச்சவங்களுக்குத்தான். அதனால் பெட்டியை வாசலிலேயே பிரிச்சு உதறி, சரக்கை மூடி போட்ட டப்பாவில் வையுங்க. காலி அட்டையை அன்றைக்கே வெளியே போடுங்க.

ராத்திரி விளக்கை அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. சிறுசாக, வெளிர் பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு இருந்தால் அது வீட்டுக்குள்ளேயே பெருகுற வகை. ஒரு முட்டைப்பையில் 30, 40 குஞ்சு இருக்கும். பெரிசாக, செம்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் சாக்கடையிலிருந்து வருது. அதுக்குக் கழிவுநீர்த் துளையில் ஜாலி போட்டு, ராத்திரியில் மூடினாலே பாதி குறையும். சின்ன வகைக்கு ஈரம் இருக்கக்கூடாது. சோறில்லாமல் வாரக்கணக்கில் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. படுக்கும் முன் தொட்டியடியைத் துடைச்சு, ஈரத்துணியை வெளியே காயப்போடுங்க. சுவர் விரிசலை சிமெண்டு வைச்சு அடைச்சிடுங்க.

மருந்துன்னா நாங்கள் சொல்றது போரிக் பவுடர். மைதா, சர்க்கரை, போரிக் பவுடர் மூணும் சம அளவு எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைஞ்சு, சுண்டைக்காய் அளவு உருட்டி அலமாரிக்குப் பின்னால், மேடைக்கு அடியில் வையுங்க. தின்ன கரப்பான் உடனே சாகாது, சில நாள் ஆகும். முட்டையிலிருந்து புதுசு வரும் என்பதால் ஒரு மாதம் கழிச்சு மறுபடி வைக்கணும். இதுவும் விஷம்தான். பிள்ளை கைக்கு எட்டுற இடத்தில் வைக்காதீங்க, பிசைஞ்ச பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீங்க. பூச்சி சாக்பீஸ் பிள்ளைக்குப் பள்ளிக்கூட சாக்பீஸ் மாதிரியே தெரியும், எங்களுக்கு அதில் சம்மதமில்லை. ஸ்பிரே அடிக்கிறதுன்னா அடுப்பை அணைச்சு, தோல் ஒட்டுற சொல்யூஷன் டப்பாவை வெளியே எடுத்துட்டு அடியுங்க. ரெண்டுமே தீப்பிடிக்கும்.

வயலுக்கு வாங்கின மருந்தைக் கொஞ்சம் பாட்டிலில் ஊத்திட்டு வந்து வீட்டில் தெளிக்கிறாங்க. அது மட்டும் வேண்டவே வேண்டாம். 2013 ஜூலை 16ல் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனாங்க. சமைச்ச எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற வயல் மருந்து இருந்தது சோதனையில் தெரிந்தது. 2022ல் தொடங்கின காலை உணவுத் திட்டத்தில் பள்ளியில் சமைக்கிறதும் நம்ம குழுப் பெண்கள்தான். அந்தச் சமையல் கூடத்தில் கரப்பானுக்குன்னு எந்த மருந்து பாட்டிலும் இருக்கக்கூடாது. தப்பித்தவறி யாராவது குடிச்சிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108க்குப் போன் பண்ணி, டப்பாவையும் கூடவே எடுத்துட்டுப் போங்க.

இன்னொரு சங்கதி. வரிசை வீட்டில் சுவர் ஒண்ணு, சாக்கடை ஒண்ணு. ஒரு வீட்டில் ஸ்பிரே அடிச்சால் கரப்பான் அடுத்த வீட்டுக்குப் போகும், பத்து நாளில் திரும்பும். நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் சண்டைதான் மிச்சம். அதனால் ஒரே நாளில் எல்லா வீட்டிலும் உருண்டை வைக்கணும், குழுவில் சேராத வீட்டையும் சேர்த்துத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தெருவில் எத்தனை வீடு, எந்த வகை கரப்பான் என்று எழுதிக் கொண்டுவாங்க. போரிக் பவுடர் மொத்தமாக வாங்குறதைத் தீர்மானத்தில் எழுதிடலாம். இழுப்பு உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் முதலில் தொடங்கலாம்.